பேஸ்பால் லீக்கின் அலுவலகங்கள்: எந்தக் கதவைத் தட்டுவது?

திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்தும் என் சித்தப்பா மகன் ஒருநாள் இரவு போன் போட்டான். "ஏண்ணா, இந்த 'என்'னும் 'ஒய்'யும் பின்னிக்கிட்டு ஒரு லோகோ வருதில்ல, தொப்பில எல்லாம்... அதப் போட்டு ஆயிரம் டி-ஷர்ட் வேணுங்கறாங்க. நியூயார்க் டீமுக்கு ஒரு மெயில் போட்டுப் பர்மிஷன் வாங்கிப்போடலாமா?"

"போட்டுப் பாரு. பதில் வராது" என்றேன்.

அணிக்காரர்களுக்குத் திமிர் என்பதால் இல்லை. சின்னம் நியூயார்க் யாங்கீஸுடையதுதான். ஆனால் நம் ஊரில் அதை அச்சிட உரிமம் கொடுப்பது அணி அல்ல, லீக். அவன் விடவில்லை. "அப்ப லீக் ஆபீஸ் எங்க இருக்குதுண்ணா?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. தலைமை நியூயார்க்கில். டோக்கியோ, லண்டன், சாண்டோ டொமிங்கோ (கரீபியன் நாடான டொமினிகன் குடியரசின் தலைநகர்), மெக்சிகோ சிட்டி, பெய்ஜிங் என்று கிளைகள். 2019-இல் புது டெல்லியில்கூட ஒன்று திறந்தார்கள். வாசலில் எல்லாம் ஒரே பெயர்ப் பலகை. உள்ளே நடக்கும் வேலைகள்தான் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை.

மேஜர் லீக் பேஸ்பால், அதாவது எம்.எல்.பி., உலகம் முழுக்க எப்படி இயங்குகிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் விளையாட்டு மேலாண்மை படித்துவிட்டு வேலை தேடுபவராக இருக்கலாம், செய்தி மொழிபெயர்ப்பவராக இருக்கலாம், என் தம்பி மாதிரி சட்டை தைப்பவராகவும் இருக்கலாம். ஆட்ட விதிகள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவற்றைச் சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

படி 1: முதலாளி யார்?

ஐ.பி.எல். பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஐ.பி.எல்லில் முதலில் இருந்தது வாரியம். அது லீக்கை உருவாக்கி, அணிகளை ஏலத்தில் விற்றது. பேஸ்பாலில் கதை தலைகீழ். அணிகள்தான் முதலில். அவை கூடி 1876-இல் நேஷனல் லீக்கை அமைத்துக்கொண்டன. 1901-இல் அதற்குப் போட்டியாக அமெரிக்கன் லீக் வந்து நின்றது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தலைவர் வேண்டும் என்று தோன்றியதே மானம் போன பிறகுதான். 1919-இல் ஆண்டின் கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் சிலர் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிய விவகாரம் வெடித்தது. ஊர் வாயை அடைக்க, 1920-இல் கென்னசா மவுண்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆணையர் பதவி பிறந்தது அப்படி. இரண்டு லீக்குகளின் தனித்தனி அலுவலகங்களும் கலைந்து எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தது 2000-இல்தான்.

இன்றும் ஆணையரை வேலைக்கு அமர்த்துவது 30 அணிகளின் உரிமையாளர்கள். 2014-இல் ராப் மான்ஃபிரெட்டைத் தேர்ந்தெடுத்தபோது 23 வாக்குகள் தேவைப்பட்டன. முப்பது மிராசுதார்கள் சேர்ந்து ஒரு கணக்குப்பிள்ளையை வைத்து, "எங்களில் யார் வரப்பைத் தாண்டினாலும் நீயே அபராதம் போடு" என்று பிரம்பையும் அவர் கையிலேயே கொடுத்தது மாதிரியான பதவி. சம்பளம் தருபவருக்கே தண்டனையும் தர வேண்டும். லீக்கின் முடிவுகள் சில நேரம் ஏன் மென்று விழுங்கியபடி வருகின்றன என்பது இது தெரிந்தால் புரியும்.

இனி பங்குபிரிப்பு. வீரரோடு ஒப்பந்தம், டிக்கெட், மைதானம், உள்ளூர்த் தொலைக்காட்சி ஆகியவை அணியின் பாடு. அட்டவணை, நடுவர்கள், ஒழுங்கு நடவடிக்கை, தேசிய ஒளிபரப்பு, வெளிநாட்டு ஒளிபரப்பு, சின்னங்களின் உரிமம் ஆகியவை லீக்கின் பாடு. வெளிநாட்டு அலுவலகங்கள் அத்தனையும் இந்த இரண்டாவது பட்டியலுக்காகத்தான் இருக்கின்றன. அங்கே வரும் காசு பொதுக் கல்லாவில் விழுந்து முப்பது சம பங்காகப் பிரிகிறது. முறைப்படி உரிமம் பெற்ற யாங்கீஸ் தொப்பி ஒன்று சென்னை மாலில் விற்றால், அதில் யாங்கீஸுக்குக் கிடைப்பது முப்பதில் ஒரு பங்கு. யாரும் தொப்பி வாங்காத அணிக்கும் அதே முப்பதில் ஒரு பங்கு. மெயிலுக்கு யாங்கீஸ் பதில் போடாததில் ஆச்சரியம் உண்டா?

படி 2: நியூயார்க்கை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

தலைமை அலுவலகம் மன்ஹாட்டனில், 1271 அவென்யூ ஆஃப் தி அமெரிக்காஸ் என்ற முகவரியில் இருக்கிறது. வக்கீல்கள், கணக்கர்கள், அட்டவணை போடுபவர்கள், ஒளிபரப்பு விற்பவர்கள் என்று எந்தப் பெரிய நிறுவனத்திலும் இருப்பவர்களே இங்கும். வித்தியாசமானது ஓர் அறை. ரீப்ளே அறை.

சியாட்டிலில் ஓர் ஆட்டம் நடக்கிறது. ஓடி வந்தவர் பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய இடத்தை, தொட்டது முதலா, பந்து முதலா என்று தகராறு. அணி மேலாளர் மறுபரிசீலனை கேட்கிறார். மைதான நடுவர் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார். ஆனால் தீர்ப்பு சொல்வது அவர் அல்ல. நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி, நியூயார்க்கில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்னொரு நடுவர். அவரும் மைதானத்தில் நிற்கும் நடுவர்தான், முறை வைத்து இங்கே வந்து உட்காருகிறார். 2014-இலிருந்து இப்படி. முப்பது மைதானங்களின் கேமராக் காட்சிகளும் இந்த ஓர் அறைக்கு வந்து சேருகின்றன. லீக் என்பது எவ்வளவு தூரம் மையத்தில் குவிந்திருக்கிறது என்று ஒரு புதியவருக்குக் காட்ட வேண்டுமானால் நான் இந்த அறையைத்தான் காட்டுவேன். லீக்கின் சொந்தத் தொலைக்காட்சி, 2009 ஜனவரி 1-இல் தொடங்கியது, நியூயார்க்கிலிருந்து ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியின் சீகாக்கஸில் தனியாக இயங்குகிறது.

படி 3: வரைபடத்தை வேலைவாரியாகப் படியுங்கள்

நாட்டின் பெயரை வைத்துக் கிளைகளைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த நாட்டில் லீக்குக்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். டோக்கியோவில் பணம் கிடைக்கிறது. சாண்டோ டொமிங்கோவில் பையன்கள் கிடைக்கிறார்கள். லண்டனில் இரண்டும் இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. டெல்லி இப்போதுதான் விதை நெல்லைக் கையில் எடுத்திருக்கிறது.

சாண்டோ டொமிங்கோவில் தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கனமான அலுவலகம். டொமினிகன் குடியரசின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டும். ஆனால் சமீப ஆண்டுகளில் லீக்கின் தொடக்க நாள் பட்டியல்களைப் பார்த்தால் ஏறத்தாழ நூறு பேர் அங்கே பிறந்தவர்கள். 30 அணிகளுக்கும் அங்கே அகாடமி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் அணியான டாட்ஜர்ஸ் 1987-இல் திறந்த காம்போ லாஸ் பால்மாஸ் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. பையன்கள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, ஆங்கிலம் படித்து, டொமினிகன் சம்மர் லீக்கில் ஆடுவார்கள். அகாடமி அணியுடையது. அந்த அகாடமிகளும் ஒப்பந்தங்களும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது 2000-இல் திறந்த லீக் அலுவலகம்.

ஏன் பார்க்க வேண்டும்? அமெரிக்க இளைஞர்கள் டிராஃப்ட் முறையில் வருகிறார்கள். அணிகள் வரிசையில் நின்று தேர்ந்தெடுக்கும். கனடாவும் பியூர்ட்டோ ரிக்கோவும்கூட அந்த வரிசைக்குள் அடக்கம். டொமினிகன், வெனிசுவேலா பையன்களுக்கு அது இல்லை. பதினாறு வயதில் எந்த அணியோடும் நேரடியாகக் கையெழுத்துப் போடலாம். கையெழுத்துக் காலம் ஜனவரி 15-இல் திறந்து டிசம்பர் 15-இல் மூடுகிறது. ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு உண்டு. 2025-இல் அது சுமார் 51 லட்சம் டாலரில் தொடங்கி 75 லட்சம் டாலர் வரை இருந்தது. பையனுக்கும் அணிக்கும் நடுவில் நிற்பவர் 'புஸ்கோன்', அதாவது தேடிப் பிடிப்பவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பையனைத் தன் பொறுப்பில் எடுத்து, சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, பின்னால் போனஸில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார். நல்லவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு.

இந்தச் சந்தையில் வயதுதான் விலை. அதே வேகத்தில் பந்து வீசும் பதினாறு வயதுப் பையனுக்குக் கிடைப்பது பத்தொன்பது வயதுக்காரனுக்குக் கிடைக்காது. அதனால் பிறப்புச் சான்றிதழில் கை வைப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. தம்பியின் சான்றிதழ், பக்கத்து வீட்டுப் பையனின் சான்றிதழ், எது கிடைத்தாலும் சரி. கிளீவ்லாந்து அணிக்கு ஆடி 2010-இல் நட்சத்திர வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டம் வரை போன பந்துவீச்சாளர் ஃபௌஸ்டோ கார்மோனாவை 2012 ஜனவரியில் சாண்டோ டொமிங்கோவின் அமெரிக்கத் தூதரக வாசலில் போலீஸ் பிடித்தது. அவருடைய உண்மைப் பெயர் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ், சொன்னதைவிட மூன்று வயது மூத்தவர். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மயாமி அணியின் லியோ நூன்யெஸ் உண்மையில் ஹுவான் கார்லோஸ் ஒவியேடோ என்று தெரியவந்திருந்தது. ஆகவே இன்று ஒரு பையன் கையெழுத்துப் போட வேண்டுமானால் லீக்கில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணை ஆட்கள் ஆஸ்பத்திரி ஏட்டைப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், தெருவில் விசாரிப்பார்கள். பெண் பார்க்கும் முன் நம் வீடுகளில் விசாரிப்பதற்குச் சற்றும் குறைவில்லை.

அணிகளும் யோக்கியம் இல்லை. வரம்பைத் தாண்டிக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக 2017-இல் அட்லாண்டா அணியின் பொது மேலாளர் ஜான் கோப்பொலெல்லாவை லீக் விளையாட்டிலிருந்தே விலக்கியது. அந்த அணி ஒப்பந்தம் செய்திருந்த பையன்கள் பலரை விடுவிக்க வேண்டி வந்தது. அந்தத் தடை பின்னால் 2023-இல் நீங்கியது. இந்த வெளிநாட்டுப் பையன்களையும் டிராஃப்ட்டுக்குள் கொண்டுவர 2022 ஜூலை வரை லீக்கும் வீரர் சங்கமும் பேசிப் பார்த்தன. பேச்சு முறிந்தது. என் கருத்தில் அதை முறித்தது பேராசை மட்டும் அல்ல. டிராஃப்ட் வந்தால் புஸ்கோனின் பிழைப்பு போகும், பையனின் பேரம் பேசும் பலமும் போகும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

டோக்கியோவுக்கு வருவோம். இங்கே லீக்கால் யாரையும் பள்ளிப் பருவத்தில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஜப்பானுக்குச் சொந்தமாக 12 அணிகள் கொண்ட வலுவான தொழில்முறை லீக் இருக்கிறது. எனவே டோக்கியோ அலுவலகம் விற்பனை அலுவலகம். விளம்பரதாரர், உரிமம், தொடக்க ஆட்டங்கள், டென்ட்சு போன்ற பெரிய விளம்பர நிறுவனத்தோடு ஒளிபரப்புப் பேச்சு, இவைதான் அதன் தினசரி வேலை. இதற்காக வட அமெரிக்காவுக்கு வெளியே முதல் முறையாகப் பருவ ஆட்டங்கள் நடந்ததே டோக்கியோவில்தான், 2000-இல். 2025 மார்ச் 18-இல் டாட்ஜர்ஸும் சிகாகோ கப்ஸும் அங்கே ஆடியபோது இரு பக்கத்திலும் பந்துவீச்சைத் தொடங்கியவர்கள் ஜப்பானியர்கள்: யமமோட்டோ, இமனாகா.

வீரர் மாற்றம் வேறு பாதையில் நடக்கிறது. அதற்குப் பெயர் போஸ்டிங். சர்வதேச அளவில் சுதந்திர வீரராக ஒன்பது ஆண்டுகள் ஆக வேண்டும். அதற்கு முன் போக விரும்பினால் அவருடைய ஜப்பானிய அணி சம்மதிக்க வேண்டும். சம்மதித்தால் ஜப்பானிய ஆணையர் அலுவலகத்திலிருந்து நியூயார்க் ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் போகும். நியூயார்க் 30 அணிகளுக்கும் அறிவிக்கும். 45 நாள் பேரம். முடியாவிட்டால் வீரர் பழைய அணிக்கே திரும்ப வேண்டும். முடிந்தால் பழைய அணிக்குக் கட்டணம். முதல் 2.5 கோடி டாலருக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5, அதற்கு மேல் 15.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 2023 டிசம்பரில் யோஷினோபு யமமோட்டோ டாட்ஜர்ஸோடு 32.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். முதல் அடுக்கில் 50 லட்சம், இரண்டாம் அடுக்கில் 43.75 லட்சம், மீதி 27.5 கோடிக்கு 4 கோடியே 12.5 லட்சம். மொத்தம் 5 கோடியே 6.25 லட்சம் டாலர் அவருடைய பழைய அணியான ஓரிக்ஸுக்குப் போனது. ஓராண்டு கழித்து, 2025 ஜனவரியில், ரோக்கி சசாக்கியும் டாட்ஜர்ஸுக்கே வந்தார். அவருக்கு 23 வயது. 25 வயதுக்குக் குறைந்தவரை விதிப்படி கத்துக்குட்டியாகத்தான் நடத்த வேண்டும். அதாவது டொமினிகன் பையன்களுக்கு உள்ள அதே செலவு வரம்பு. கிடைத்த போனஸ் 65 லட்சம் டாலர். பழைய அணியான சிபா லாட்டேவுக்கு அதில் கால் பங்கு, 16.25 லட்சம். அதே போஸ்டிங், வாங்கும் அணியும் அதே, வயது மட்டும் வேறு. சிபாக்காரர்கள் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

போஸ்டிங் பற்றிப் பழைய செய்திகளைப் படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். முன்பு இது மூடிய உறை ஏலம். 2006-இல் பாஸ்டன் அணி டைசுகே மட்சுசாகாவோடு பேச மட்டுமே 5.11 கோடி டாலர் கேட்டு வென்றது. சம்பளம் அதற்கு மேல். அந்த முறை இப்போது இல்லை.

லண்டன் அலுவலகம் ஐரோப்பாவைப் பார்க்கிறது. ஒளிபரப்பு, நிகழ்ச்சிகள், பள்ளிகளில் அறிமுகம். ஐரோப்பாவில் லீக் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது இத்தாலியின் திரேனியாவில் நடத்திய அகாடமி. தென்னாப்பிரிக்காவிலிருந்து கிஃப்ட் இங்கோப்பே என்ற பையன் அங்கே வந்தான். 2017 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் அணிக்காகக் களமிறங்கியபோது, எம்.எல்.பி.யில் ஆடிய முதல் ஆப்பிரிக்கக் கண்டத்தவர் அவர்.

மெக்சிகோ சிட்டி அலுவலகம் 2016-இல் திறந்தது. பக்கத்து வீடு என்பதாலும் அமெரிக்காவிலேயே மெக்சிகோ வழியினர் கோடிக்கணக்கில் இருப்பதாலும் அங்கே ஆட்டமும் விற்பனையும் சேர்ந்தே நடக்கின்றன. பெய்ஜிங் பொறுமை வேண்டிய இடம். வூஷியில் 2009-இல் பயிற்சி மையம் தொடங்கினார்கள், அதன் வழியாக 2015-இல் ஷூ குய்யுவான் பால்டிமோர் அணியோடு ஒப்பந்தமானார். ஆஸ்திரேலியாவில் லீக் வேறு ஒரு சோதனை செய்தது. அங்கே தொடங்கிய உள்நாட்டு லீக்கில் 75 சதவீதப் பங்கை எம்.எல்.பி.யே வைத்திருந்தது. 2010-இல் ஆட்டம் தொடங்கியது, 2016-இல் கையைக் கழுவிக்கொண்டது.

டெல்லி பற்றி நம் ஊரில் நிறையத் தவறான நம்பிக்கை இருக்கிறது. அங்கே போனால் அமெரிக்க அணியில் சேர்த்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அதன் வேலை பள்ளிக் குழந்தைகளுக்கு ஆட்டத்தைக் காட்டுவதும், பார்வையாளர்களை உண்டாக்குவதும்தான். இந்திய அணியைத் தேர்வு செய்வது தேசிய சம்மேளனம். மாநில அளவில் மாநிலச் சங்கம். லீக்குக்கு அதில் பங்கில்லை. 2008-இல் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தமான உத்தரப் பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாகப் போனவர்கள். டெல்லி அலுவலகம் திறந்தது அதற்குப் பத்தாண்டுக்கும் மேல் கழித்து.

படி 4: ஒரு வெளிநாட்டு ஆட்டத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள்

அலுவலகங்கள் எல்லாம் ஒன்றாக வியர்ப்பதைப் பார்க்க வேண்டுமானால் வெளிநாட்டில் நடக்கும் ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 162 ஆட்டங்களின் அட்டவணைக்குள் இரண்டு ஆட்டங்களை வேறு கண்டத்துக்கு நகர்த்துவது, கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது அடுப்பை இடம் மாற்றுவது மாதிரி.

முதலில் வீரர் சங்கத்தின் சம்மதம். வெளிநாட்டு ஆட்டங்கள் கூட்டு ஒப்பந்தத்திலேயே பேசி முடிக்கப்படுகின்றன. அதில் ஓட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மார்ச் சாட்சி. பாஸ்டன் அணி டோக்கியோவுக்குக் கிளம்பும் நாள். போகும் வீரர்களுக்கு ஆளுக்கு 40,000 டாலர் கூடுதல் பணம் என்று பேச்சு. பயிற்சியாளர்களுக்கும் உண்டு என்று வீரர்கள் நம்பியிருந்தார்கள். இல்லை என்று தெரிந்ததும் அன்றைய பயிற்சி ஆட்டத்துக்கே இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் தாமதமானது, பணம் ஒப்புக்கொள்ளப்பட்டது, விமானம் கிளம்பியது.

அடுத்து உள்ளூரில் ஆட்டத்தை ஏற்று நடத்தும் ஆள். இது பலருக்குத் தெரியாது. லீக் தானே எல்லாச் செலவையும் போட்டுக்கொள்வதில்லை. பாரிஸில் 2025-இல் ஆட்டம் நடத்தத் திட்டம் இருந்தது. ஏற்று நடத்த ஆள் கிடைக்காமல் கைவிட்டார்கள்.

பிறகு மைதானம். 2019 ஜூனில் யாங்கீஸும் பாஸ்டனும் ஆடிய லண்டன் ஸ்டேடியம் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் உரியது. அதன் மேல் செயற்கைப் புல் விரித்து, களிமண் கொண்டுவந்து கொட்டி, பந்துவீச்சு மேடு அமைத்து ஒரு பேஸ்பால் களத்தை உருவாக்கினார்கள். மட்டையடிப்பவருக்கு நேர் எதிர் வேலி 385 அடிதான், வழக்கத்தைவிடக் கிட்டே. முதல் ஆட்டம் 17-13. முதல் இன்னிங்ஸிலேயே இரு அணிகளும் ஆறாறு ரன். முடிய நாலே முக்கால் மணி நேரம் ஆனது. பார்க்க வந்த ஆங்கிலேயர்கள் பேஸ்பால் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள், பாவம். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிவு, பந்து பறக்கும். 2023 ஏப்ரலில் அங்கே முதல் ஆட்டத்தில் 11 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி.

பந்தும் கூடவே போக வேண்டும். எம்.எல்.பி. பந்து கோஸ்டாரிகாவின் துரியால்பாவில் 108 இரட்டைத் தையலோடு கையால் தைக்கப்படுகிறது. ஆட்டத்துக்கு முன் வழுவழுப்பு போக அதன் மேல் ஒரு சேற்றைத் தேய்ப்பார்கள். அந்தச் சேறு டெலாவேர் ஆற்றுப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஜப்பானிய லீக்கின் பந்தில் பிடிப்பு அதிகம். அங்கிருந்து வரும் பந்துவீச்சாளர்கள் முதலில் தடுமாறுவது சூழலால் மட்டும் அல்ல.

படி 5: லீக்குக்குச் சொந்தமில்லாத கதவுகளை அடையாளம் காணுங்கள்

வீரரின் பெயரும் முகமும் லீக்குடையது அல்ல. சட்டையில் அணிச் சின்னத்தோடு ஜப்பானிய நட்சத்திரம் ஓட்டானியின் பெயரும் போட வேண்டுமானால் இரண்டு உரிமங்கள்: ஒன்று லீக்கிடம், மற்றொன்று வீரர் சங்கத்தின் வழியாக. நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியும் அப்படித்தான், லீக்கும் சங்கமும் சேர்ந்து நடத்துவது. 2006-இல் தொடங்கியது. ஒலிம்பிக், உலகத் தரவரிசை போன்றவை சுவிட்சர்லாந்தில் இருக்கும் உலகச் சம்மேளனத்தின் பாடு. இதைக் கேட்டு லீக்குக்கு எழுதாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் அலுவலகமும் உண்டு, வாஷிங்டனில். கியூபா மீது அமெரிக்கப் பொருளாதாரத் தடை இருப்பதால் கியூப வீரர் ஒருவரோடு நேரடியாக ஒப்பந்தம் போட முடியாது. அதனால்தான் படகில் தப்பி, மூன்றாவது நாட்டில் குடியேறி வரும் கதைகள். 2018 டிசம்பரில் லீக் கியூபச் சம்மேளனத்தோடு ஒரு முறையான வழிக்கு ஒப்பந்தம் செய்தது. நான்கே மாதத்தில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. அதே 2019-இல் வெனிசுவேலா மீதான தடையால் அங்கே நடக்கும் குளிர்கால லீக்கில் தன் அணிகளின் வீரர்கள் ஆடுவதை லீக் நிறுத்தி வைத்தது. ஆணையருக்கு மேலும் ஆணையர் இருக்கிறார்.

படி 6: கடிகாரத்தைச் சரி செய்து, பிறகு எழுதுங்கள்

நியூயார்க் நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால். சாண்டோ டொமிங்கோ ஆண்டு முழுவதும் ஒன்பதரை. மெக்சிகோ சிட்டி பதினொன்றரை. டோக்கியோ நமக்கு மூன்றரை மணி முன்னால். டோக்கியோவில் மாலை ஏழு பத்துக்குத் தொடங்கும் மார்ச் ஆட்டம் நமக்கு மதியம் மூன்று நாற்பது; நியூயார்க்காரருக்கு விடியற்காலை ஆறு பத்து. போஸ்டிங் கெடு நியூயார்க் நேரம் மாலை ஐந்து மணிக்கு முடிந்தால் ஜப்பானியப் பத்திரிகையாளருக்கு அது மறுநாள் காலை ஏழு. செய்தி மொழிபெயர்ப்பவர்கள் தேதியை இரண்டு முறை பாருங்கள். எனக்கே ஒருமுறை நாள் மாறிப்போய் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பருவம் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. அக்டோபரில் உலகத் தொடர். அந்த மாதத்தில் எந்த அலுவலகத்துக்கும் எழுதாதீர்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வீரர் வர்த்தகம் சூடாக இருக்கும், ஆனால் உரிமம், நிகழ்ச்சி சம்பந்தப்பட்டவர்கள் அப்போதுதான் அடுத்த ஆண்டுத் திட்டம் போடுவார்கள்.

வேலை தேடுபவருக்கு ஒன்று. வெளிநாட்டுக் கிளைகள் சிறியவை, அதிகம் ஆள் எடுப்பதில்லை. காலி இடங்கள் மையமாகவே அறிவிக்கப்படுகின்றன. நீங்கள் ஆட்ட விதிகளைக் கரைத்துக் குடித்திருப்பதைவிட ஸ்பானிஷ் பேசத் தெரிந்திருப்பது பெரிது. 2016-இலிருந்து ஒவ்வோர் அணியும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்க வேண்டும் என்றே விதி. அடுத்தது ஜப்பானிய மொழி. புள்ளியியலும் கணினியும் தெரிந்தவர்களுக்கு அணிகளின் பக்கம் தனிச் சந்தை இருக்கிறது. அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். தம்பி செய்ய வேண்டியது லீக்கின் உரிமப் பிரிவிடம் கேட்பது. ஆயிரம் சட்டைக்காக அவர்கள் தனி உரிமம் தருவார்கள் என்று நான் நம்பவில்லை. ஏற்கெனவே உரிமம் பெற்ற பெரிய நிறுவனம் ஒன்றுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆர்டரைப் பிடிப்பதுதான் திருப்பூருக்கு ஒத்துவரும் வழி என்றேன். அதற்குத் தொழிற்கூடத் தணிக்கை உண்டு, ஆட்களின் வேலை நேரப் பதிவேடு வரை பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "அதெல்லாம் நமக்கு ஆவாதுண்ணா" என்றான். கடைசியில் அந்தச் சட்டையைக் கேட்டவர்களின் கிளப் பெயரையே வளைத்து வளைத்து எழுதி, கீழே ஒரு மட்டையும் பந்தும் வரைந்து அடித்துக் கொடுத்தான். மட்டை கிரிக்கெட் மட்டை. யாரும் கவனிக்கவில்லையாம்.